உஸ்தாதாவின் பிழைக் குறிப்புகள்

கல்யாணமாகி துபாய்க்கு வந்த பிறகு பதினான்கு வருஷம் நான் கணினியைத் தொட்டதெல்லாம் பிள்ளைகளின் ஹோம்வொர்க்கைப் பிரின்ட் எடுக்க மட்டும்தான். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸில் முதல் வகுப்பு வாங்கியவள். வந்த வருஷமே என் கணவர், எதற்கும் இருக்கட்டும் என்று, அந்தச் சான்றிதழைத் தூதரக முத்திரை வாங்கி அட்டெஸ்ட் செய்து வைத்திருந்தார். அது பாஸ்போர்ட் பையிலேயே கிடந்தது.

அவர் தேராவில், கடிகாரமும் மொபைல் கவரும் மொத்தமாக விற்கும் ஒரு கடையில் மேனேஜர். ஒரு நாள் மத்தியானம் சாப்பிட வந்தவர் என்னைக் கேட்டார்.

“ஒனக்கு ஒண்ணு ஃபார்வர்டு பண்ணுனேனே, பாத்தியா? ஃப்ரீ ட்ரெய்னிங். சாஃப்ட்வேர் டெஸ்டிங்காம். ஆறு மாசம்.”

“அது யுத்தத்துல எல்லாத்தையும் விட்டுட்டு வந்தவங்களுக்குன்னுல்ல போட்டிருக்கு, மச்சான்.”

“கீழ வாசி. புதுசா வந்தவங்க, வேலைய விட்டுட்டு வீட்டுல இருக்குற பொம்பளைங்க, எல்லாரும் வரலாம்னு இருக்கு.”

“நான் எங்க புதுசு? பதினாலு வருஷம் ஆச்சு.”

“வேலைக்குப் புதுசுதானே,” என்றார் சோற்றைப் பிசைந்துகொண்டே.

அந்த ஒரு வார்த்தையில்தான் போனேன்.

குஸைஸில் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் மூன்றாவது மாடி. அந்த நிறுவனத்தில் வேலை பார்ப்பவர்களே தங்கள் ஓய்வு நேரத்தில் வந்து பாடம் எடுத்தார்கள். சனிக்கிழமை காலை முழுக்க, பிறகு திங்கள், புதன் சாயங்காலம். எங்கள் வீடு இருந்த கராமாவிலிருந்து மெட்ரோவில் போய்விடலாம். எங்களுக்குப் பாடம் எடுத்தவர் ஒரு மலையாளிப் பெண். என்னைவிட எட்டு வயதாவது சின்னவர். நான் முக்காடு போட்டிருந்ததைப் பார்த்து முதல் நாளே, கேரளத்தில் முஸ்லிம் அக்காவைக் கூப்பிடுவதுபோல, “இத்தா” என்று கூப்பிட்டார். நான் அவரை மேடம் என்றேன். கடைசிவரை அப்படியே இருந்தது.

வகுப்பில் இருபது பேர் இருந்தோம். சிரியாக்காரர்கள், சூடான்காரர்கள், ஒரு ஆப்கானி, என்னைப்போல கணவர் விசாவில் வந்து வீட்டிலேயே இருந்துவிட்ட நாலைந்து பெண்கள். இந்த ஊரில் யாரும் தன்னை அகதி என்று சொல்லிக்கொள்வதில்லை. ஒருவர் விசிட் விசாவில் இருக்கிறார், இன்னொருவர் மகனின் விசாவில் இருக்கிறார், அதோடு பேச்சு முடிந்துவிடும். எதை விட்டுவிட்டு வந்தார்கள் என்பது நாலைந்து முறை ஒன்றாக டீ குடித்த பிறகுதான் தெரியவரும்.

என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவர் சூடானிலிருந்து வந்தவர். நாற்பத்தைந்து வயதிருக்கும், நல்ல உயரம். அவர்கள் ஊர்ப் பெண்கள் சேலைபோல உடம்பைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் நீளத் துணியை எப்போதும் வெள்ளையில் கட்டியிருப்பார். சூடானில் ஆசிரியைகள் வேலைக்கு வெள்ளைதான் உடுத்துவார்கள் என்று பிறகு சொன்னார். பத்தொன்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவர். வகுப்பில் மற்ற சூடான்காரர்கள் அவரை ‘உஸ்தாதா’ என்று கூப்பிட்டார்கள், டீச்சர் என்று அர்த்தம். ஓதிக்கொடுப்பவரை உஸ்தாது என்று சொல்லியே வளர்ந்தவள் நான். அதனால் அந்தப் பெயர் எனக்கும் உடனே வாயில் வந்துவிட்டது. அவர் என்னை ‘உக்தி’ என்பார், என் சகோதரி என்று.

நாங்கள் பேசிக்கொண்டது பாதி இங்கிலீஷ், பாதி அரபி, மிச்சம் கை ஜாடை. இங்கே தமிழில் எழுதுகிறேன்.

முதல் வாரம் அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. உண்மையைச் சொன்னால், கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. எல்லாவற்றையும் மறந்துபோய் வந்திருக்கிறேனே என்று பயந்துகொண்டிருந்த எனக்கு, என்னைவிடத் தெரியாத ஒருவர் பக்கத்தில் கிடைத்திருந்தார். அவர் ஒரே ஒரு விரலால் டைப் அடித்தார். ஒவ்வொரு எழுத்தையும் விசைப்பலகையில் தேடி, கண்டுபிடித்து, அமுக்கிவிட்டு, திரையைப் பார்த்துத் தலையாட்டுவார். ஒரு வரியை நகல் எடுத்து இன்னொரு இடத்தில் எப்படி ஒட்டுவது என்று என்னிடம்தான் கேட்டார். நான் சொல்லிக்கொடுத்தேன். அதை நோட்டில் எழுதிக்கொண்டார்.

மூன்றாவது வாரம் இரண்டு கையாலும் அடித்தார். வேகம் இல்லை, ஆனால் எல்லா விரலும் வேலை செய்தது. எப்படி என்று கேட்டேன்.

“வீட்டில் அண்ணனின் லேப்டாப் ஒன்றுதான். பகலில் அவருக்கு அது வேலைக்கு வேண்டும். அதனால் ஒரு அட்டையில் கீபோர்டை வரைந்துகொண்டேன். பகலில் அதை மடியில் வைத்து அடிப்பேன்.”

“அட்டையில் அடித்தால் தப்பா சரியா என்று எப்படித் தெரியும்?”

“என் சின்னப் பெண் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். விரல் தவறினால் அவள் விடமாட்டாள்.”

அவருக்கு இரண்டு பெண்கள். யுத்தம் வந்தபோது மூன்று நாள் பஸ் மாறி மாறித் துறைமுகத்துக்கு வந்து, அங்கே பல வாரம் காத்திருந்து, ஷார்ஜாவில் இருந்த அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். கணவர், படுக்கையில் கிடந்த தன் தாயை விட்டு வரமுடியாமல் அங்கேயே நின்றுவிட்டார். லைன் கிடைக்கும்போது போன் வரும். இங்கே வந்ததும் உஸ்தாதா நிறையப் பள்ளிக்கூடங்களில் ஏறி இறங்கினார். எல்லா இடத்திலும் அட்டெஸ்ட் செய்த சான்றிதழைக் கேட்டார்கள். அவருடைய சான்றிதழ்கள் வீட்டு அலமாரியில் இருந்தன. அந்த வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள் என்பது யாருக்கும் தெரியாது. நகல் கேட்டு எழுதலாம் என்றால், அவர் படித்த கல்லூரியின் ஆபீஸே எரிந்துபோயிருந்தது.

“பத்தொன்பது வருஷம் நான் யாராக இருந்தேன் என்பதற்கு என் வாய் மட்டும்தான் சாட்சி,” என்றார் ஒரு நாள். அழவில்லை. டீ ஊற்றிக்கொண்டே சொன்னார்.

டெஸ்டிங் என்றால் பெரிய வித்தையில்லை. ஒருவர் எழுதிய மென்பொருளை இன்னொருவர் உட்கார்ந்து தட்டிப் பார்த்து, எங்கே தப்பு இருக்கிறது என்று கண்டுபிடித்து எழுதிக் கொடுப்பது. தப்பைக் கண்டுபிடிப்பது பாதி வேலைதான். எழுதியவருக்குப் புரிகிற மாதிரி அதைச் சொல்வது மீதிப் பாதி. இரண்டாவது மாதம் மேடம் எங்களுக்கு ஒரு சின்ன ஷாப்பிங் ஆப்பைக் கொடுத்து, ஆளுக்கு ஒரு பிழைக் குறிப்பு எழுதச் சொன்னார்.

நான் வேகமாக எழுதி முடித்தேன். ‘கூடையில் பொருள் சேர்க்கும் பட்டன் வேலை செய்யவில்லை. மிக மோசம். உடனே சரிசெய்யவும்.’

உஸ்தாதா முதலில் நோட்டில் பென்சிலால் எழுதி, பிறகு டைப் செய்தார். மேடம் அதை வகுப்பில் சத்தமாக வாசித்தார். கிட்டத்தட்ட இப்படி இருந்தது: ‘ஒரு பொருளைக் கூடையில் சேர்த்தேன், சரியாக வந்தது. இரண்டாவது பொருளைச் சேர்த்தேன், அதுவும் வந்தது. முதல் பொருளை நீக்கிவிட்டு மறுபடி சேர்த்தபோது பட்டன் அசையவில்லை. மூன்று முறை செய்து பார்த்தேன், மூன்று முறையும் இப்படியே. நீக்கும் வரை எல்லாம் சரியாக இருந்ததால், தப்பு நீக்கும் இடத்தில் இருக்கலாம்.’

மேடம் வாசித்த தாளைக் கீழே வைக்காமல் கேட்டார். “இப்படி எழுத உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?”

உஸ்தாதா எழுந்து நின்றுதான் பதில் சொன்னார். “பரீட்சைத் தாள் திருத்தும்போது இப்படித்தான் எழுதுவேன். கணக்கில் தப்புப் போட்ட பிள்ளையிடம் கணக்கே தப்பு என்று சொன்னால் அது அழும், இல்லையென்றால் கோபப்படும். இந்த வரி வரைக்கும் சரி, இந்த வரியில் வழி மாறிவிட்டது என்று காட்டினால் அதுவே திருத்திக்கொள்ளும். இந்த ஆப்பை எழுதியவரும் யாரோ ஒருவருடைய பிள்ளைதானே.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அன்று மெட்ரோவில் வீட்டுக்குத் திரும்பும்போது என் ‘மிக மோசம்’ என்னை உறுத்திக்கொண்டே வந்தது. கம்ப்யூட்டர் படித்தவள் நான், முதல் வகுப்பு வாங்கியவள் நான் என்று ஒரு நினைப்பு எனக்குள் இருந்திருக்கிறது. அது அன்றுதான் எனக்கே தெரிந்தது.

மூன்றாவது மாதம் அவர் வகுப்புக்கு வருவது நின்றுபோனது. ஒரு சனிக்கிழமை வரவில்லை, திங்கள் வரவில்லை, அடுத்த வாரமும் இல்லை. போன் செய்தால், “இன்ஷா அல்லாஹ் வருவேன் உக்தி” என்று மட்டும் சொன்னார். நான் மேடத்திடம் போய், ஆபீஸில் பழைய லேப்டாப் ஏதாவது இருந்தால் அவருக்குக் கொஞ்ச நாளைக்குக் கொடுக்க முடியுமா என்று கேட்டேன்.

“இத்தா, அவங்க திரும்பி வருவாங்கன்னு உறப்பா சொல்ல முடியுமா?” என்று தன் மலையாளம் கலந்த தமிழில் கேட்டார் மேடம்.

“சொல்ல முடியாது. ஆனா லேப்டாப்ப நான் பத்திரமா திருப்பிக் கொண்டாந்துருவேன்.”

கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை ராத்திரி என் கணவர் காரை எடுத்தார். ஷார்ஜாவில் ரோலா சதுக்கத்துக்குப் பின்பக்கம் ஒரு பழைய கட்டடம். உஸ்தாதாவின் அண்ணி எங்களை உட்காரவைத்து, செம்பருத்திப் பூவில் போட்ட சிவப்பு சர்பத்தைக் கொடுத்தார். உஸ்தாதா அப்போதுதான் வேலையிலிருந்து வந்தார். அதே கட்டடத்தில் ஒரு குடும்பத்தில், தாய் தகப்பன் இரண்டு பேரும் டூட்டிக்குப் போவதால், மத்தியானத்திலிருந்தும் சனிக்கிழமை முழுக்கவும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடியிருக்கிறார்கள். பெண்களுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்த நேரம் அது. பணம் வேண்டியிருந்தது. அவர் ஒத்துக்கொண்டுவிட்டார்.

“வகுப்பில் எந்தப் பாடம் போகிறது?” என்று முதலில் கேட்டார்.

சொன்னேன். மேடம் பாடம் எடுப்பதைப் போனில் பதிவு செய்து வைத்திருந்தேன், அதையும் கொடுத்தேன். லேப்டாப்பைப் பையிலிருந்து எடுத்தபோது அவர் உடனே கை நீட்டவில்லை.

“இதை வாங்கிக்கொண்டால் நான் முடித்தாக வேண்டும்,” என்றார்.

“முடிங்க.”

“விடிகாலை பஜ்ர் தொழுகைக்குப் பிறகு எனக்கு இரண்டு மணி நேரம் இருக்கிறது. அதில் படிப்பேன். வேலை நேரத்தை மாற்ற முடியுமா என்றும் கேட்டுப் பார்க்கிறேன்.”

திரும்பி வரும்போது என் கணவர் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி சொன்னார். “நம்மளா இருந்தா இந்த நெலமைல கீபோர்டு, கம்ப்யூட்டருனு ஒக்காருவமா? எனக்குத் தோணல.”

மூன்று வாரம் கழித்து ஒரு திங்கள்கிழமை உஸ்தாதா வந்தார். அந்தக் குடும்பத்திடம் பேசி, வேலையைக் காலைக்கு மாற்றி, சனிக்கிழமை லீவும் வாங்கியிருந்தார். நோட்டில் எல்லாப் பயிற்சியும் முடிந்திருந்தது. நான் இன்னும் செய்யாத இரண்டு பயிற்சிகளும் அதில் இருந்தன.

கடைசி மாதம் எங்களை உண்மையான வேலையில் உட்காரவைத்தார்கள். ஒரு கிளினிக்குக்காக அந்த நிறுவனம் எழுதிக்கொண்டிருந்த ஆப். டாக்டர் எழுதும் மருந்து நோயாளியின் போனில் வரும். இங்கிலீஷிலும் பார்க்கலாம், அரபியிலும் பார்க்கலாம். அரபிப் பக்கங்களை வழக்கமாகப் பார்க்கும் ஜோர்டான்காரர் வேலையை விட்டுக் கனடாவுக்குப் போய்விட்டிருந்தார். மிச்சமிருந்தவர்கள் எல்லாரும் இந்தியர்கள், ஃபிலிப்பினோக்கள். அரபி வாசிக்கத் தெரிந்தவர்கள் யார் என்று மேடம் கேட்டபோது நான் முதலில் கையைத் தூக்கினேன். உஸ்தாதா அன்று தாமதமாக வந்தார். அதற்குள் அரபி மருந்துப் பக்கம் என் பெயருக்கு எழுதப்பட்டுவிட்டது. அவருக்கு இங்கிலீஷில் லாகின் பக்கங்கள் கிடைத்தன.

எனக்கு அரபி வாசிக்கத் தெரியும் என்பது பொய்யில்லை. ஐந்து வயதிலிருந்து ஓதுகிறேன். எழுத்துத் தப்பாமல் வாசிப்பேன். அர்த்தம்தான் தெரியாது. துபாயில் இத்தனை வருஷத்தில் கடைத்தெரு வார்த்தைகள் கொஞ்சம் சேர்ந்திருந்தன, அவ்வளவுதான்.

அந்தப் பக்கத்தில் மருந்தின் பெயருக்குக் கீழே மூன்று கட்டங்கள். காலை, மதியம், இரவு. ஒவ்வொன்றின் கீழேயும் எத்தனை மாத்திரை என்று ஒரு எண். பரிசோதனைக்காக வைத்திருந்த நோயாளிக்குச் சர்க்கரை மாத்திரை, காலையில் ஒன்று, மதியம் இல்லை, இரவில் இரண்டு. இங்கிலீஷ் பக்கத்தில் ஒன்று, பூஜ்யம், இரண்டு என்று இருந்தது. அரபிப் பக்கத்திலும் ஒன்று, பூஜ்யம், இரண்டு. மூன்று தலைப்பையும் வாசித்துப் பார்த்தேன், எழுத்துப் பிழை இல்லை. எல்லாம் சரி என்று குறித்துவிட்டேன்.

உஸ்தாதா தன் வேலையை முடித்துவிட்டு என் திரைப் பக்கம் சாய்ந்தார். மூன்று கட்டங்களையும் பென்சிலால் ஒவ்வொன்றாகச் சுட்டிப் பார்த்தார். பிறகு கேட்டார்.

“உக்தி, இந்த நோயாளி காலையில் எத்தனை மாத்திரை சாப்பிட வேண்டும்?”

“ஒண்ணு.”

“காலை என்று எங்கே எழுதியிருக்கிறது?”

விரலை வைத்தேன். ஸபாஹ். தினமும் வாட்ச்மேனுக்கு ஸபாஹல் ஹைர் என்று காலை வணக்கம் சொல்கிற எனக்கு அந்த வார்த்தை தெரியாமல் இல்லை. அரபி வலமிருந்து இடம் போகும் மொழி. அதனால் காலை என்பது வலது ஓரத்தில் இருந்தது, இரவு இடது ஓரத்தில். தலைப்புகள் இடம் மாறியிருந்தன. கீழே இருந்த எண்கள் மாறவில்லை, இங்கிலீஷில் இருந்த வரிசையிலேயே நின்றன. என் விரலுக்கு நேர் கீழே, காலைக்குக் கீழே, இரண்டு என்று இருந்தது.

தலைப்பை வலமிருந்து வாசித்த என் கண், எண்களுக்கு இறங்கியதும் இடமிருந்து வாசித்திருக்கிறது. இதை நான் சரி என்று குறித்திருக்கிறேன். யாரோ ஒரு பெரியவர் காலையில் வெறும் வயிற்றோடு இரண்டு மாத்திரை போட்டிருப்பார்.

“நீங்க எழுதுங்க, உஸ்தாதா,” என்றேன்.

“உன் பக்கம் இது. உன் பக்கத்துக்கான குறிப்பை நீதான் எழுத வேண்டும். அதுதானே இங்கே வழக்கம்?” என்றார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார்.

நான் எழுதினேன். அவர் எழுதுகிற மாதிரியே எழுதினேன். எதுவரை சரி, எங்கே வழி மாறியது என்று. கண்டுபிடித்தது யார் என்பதை மட்டும் எழுதவில்லை. எழுத வேண்டும் என்று நினைத்தேன். எழுதினால் முதலில் நான் சரி என்று குறித்ததையும் சொல்ல வேண்டிவரும். அனுப்பும் பட்டனை அமுக்கிவிட்டேன்.

புதன்கிழமை மேடம் அந்தக் குறிப்பைப் பெரிய திரையில் போட்டார். கடைசி வரிசையில் நிறுவனத்தின் மேனேஜர், ஒரு டெல்லிக்காரர், வந்து உட்கார்ந்திருந்தார். “நாளைக்குக் கிளினிக்குக்குப் போகவேண்டியது இது. இத்தா நம்மைக் காப்பாற்றினார்,” என்றார் மேடம். எல்லாரும் கை தட்டினார்கள். மேனேஜர் என் பெயரைக் கேட்டுப் போனில் குறித்துக்கொண்டார். நான் உஸ்தாதாவைப் பார்த்தேன். அவர் குனிந்து நோட்டில் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். வகுப்பு முடிந்ததும் சொல்லிவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வகுப்பு முடிந்தபோது மேனேஜர் போய்விட்டிருந்தார்.

பஸ் ஸ்டாப் வரைக்கும் உஸ்தாதாவோடு நடந்தேன். அவர்தான் பேச்சை எடுத்தார்.

“என் பெயரை எழுதவில்லையா?”

“மறந்துட்டேன்.”

“மறக்கவில்லை,” என்றார். குரல் உயரவில்லை. “பத்தொன்பது வருஷம் பிள்ளைகளோடு இருந்தவள் நான். மறந்த முகம் எனக்குத் தெரியும்.”

பஸ் ஸ்டாப்பில் நின்று, பையிலிருந்து பஸ் கார்டை எடுத்தார்.

“உனக்குக் கணவர் இருக்கிறார், வீடு இருக்கிறது, சான்றிதழ் இருக்கிறது. இந்த ஊரில் என்னிடம் இருப்பது நான் செய்கிற வேலை ஒன்றுதான். அதையும் நீ எடுத்துக்கொண்டால் நான் எதைக் காட்டி வேலை கேட்பேன்? எனக்கு வேலை வேண்டும், உக்தி.”

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர், “சனிக்கிழம வரைக்கும் வச்சிருக்காத. காலைல போயி சொல்லிட்டு வந்துரு,” என்றார்.

வியாழக்கிழமை வகுப்பு கிடையாது. காலையிலேயே போய், மேடத்தையும் மேனேஜரையும் பார்க்க வேண்டும் என்று ரிசப்ஷனில் சொல்லிக் காத்திருந்தேன். இரண்டு பேரும் வந்தார்கள். நின்றுகொண்டே சொன்னேன். பக்கத்தைச் சரி என்று குறித்தது நான், தப்பைக் கண்டுபிடித்தது உஸ்தாதா, அவர் பெயரை வேண்டுமென்றேதான் எழுதாமல் விட்டேன். மூன்றையும் சொல்லிவிட்டேன். மேடத்தின் முகம் மாறியது. ஒரு மாதிரி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை இப்போது நினைத்தாலும் உறைக்கிறது.

மேனேஜர் என்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “அந்த சூடானி மேடம் எவ்வளவு நேரத்தில் கண்டுபிடித்தார்?” என்றார்.

“ரெண்டு நிமிஷம் இருக்கும்.”

“அவரை வரச் சொல்லுங்கள்.”

அடுத்த வாரம் உஸ்தாதாவை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். சான்றிதழ் கேட்டபோது, “இல்லை. ஏன் இல்லை என்று வேண்டுமானால் சொல்கிறேன்,” என்றிருக்கிறார். வேண்டாம் என்று சொல்லி, இரண்டு மணி நேரம் கொடுத்து, நிறுவனம் ஏற்கெனவே விற்றிருந்த ஒரு ஆப்பின் அரபிப் பக்கங்களைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அவர் பதினோரு தப்புகளை எழுதிக் கொடுத்தார். அதில் ஒன்றை மேடம் எங்களுக்கு வாசித்துக் காட்டினார். ‘பெயருக்கு இரண்டு பெட்டிகள் இருக்கின்றன. எங்கள் ஊரில் என் பெயர், தகப்பன் பெயர், பாட்டன் பெயர், அவர் தகப்பன் பெயர் என்று நான்கு பெயர்கள் சேர்ந்ததுதான் ஒருவரின் முழுப்பெயர். பாஸ்போர்ட்டிலும் நான்கு இருக்கும். என் பாட்டனாரை இந்த ஆப்பில் எங்கே உட்காரவைப்பது?’

மூன்று மாதம் தற்காலிகமாக எடுத்தார்கள். பிறகு நிரந்தரமாக்கி, விசாவும் நிறுவனத்தின் பெயரில் அடித்தார்கள். விசா வந்த நாள் என்னை அவரே கூப்பிட்டார். அந்த பஸ் ஸ்டாப்புக்குப் பிறகு நாங்கள் பேசிக்கொண்டுதான் இருந்தோம், ஆனால் ஒரு அளவோடு. நான் மன்னிப்புக் கேட்டபோது “கலாஸ், முடிந்தது” என்றாரே தவிர, சிரிக்கவில்லை. விசா வந்த அன்றுதான் போனில் பழையபடி பேசினார்.

எனக்கு உடனே வேலை கிடைக்கவில்லை. அது நியாயம்தான் என்று எனக்குத் தோன்றியது. ஏழு மாதம் கழித்து, பள்ளிக்கூட பஸ்கள் எங்கே வருகின்றன என்று பெற்றோருக்குக் காட்டும் ஆப் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்தேன். சிபாரிசுக் கடிதம் கொடுத்தது மேடம்தான். அதில் என்ன எழுதியிருந்தார் என்று எனக்குத் தெரியாது. என் புது மேனேஜர் மட்டும், “நீங்கள் செய்த தப்பை நீங்களே வந்து சொல்வீர்களாமே,” என்று கேட்டார்.

உஸ்தாதா இப்போது அந்த நிறுவனத்தில் அரபிப் பக்கங்கள் அனைத்துக்கும் பொறுப்பு. அவருக்குக் கீழே நாலு பேர். அதில் இரண்டு பேர் அவருக்குப் பிறகு வந்த பேட்ச்சில் படித்தவர்கள். சனிக்கிழமை வகுப்பை இப்போது அவர்தான் எடுக்கிறார். மாதத்தில் ஒரு சனிக்கிழமை நானும் உதவிக்குப் போகிறேன். புதிதாக வருபவர்கள் என்னைப்போல ‘மிக மோசம்’ என்றுதான் எழுதுகிறார்கள். அவர் அந்த வரியைச் சிவப்பில் அடிப்பதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, “எதுவரைக்கும் சரியாக இருந்தது?” என்று கேட்கிறார். சரியாக இருந்ததைச் சொல்லத் தொடங்கும்போதே பெரும்பாலானவர்களுக்குத் தப்பு எங்கே என்று தெரிந்துவிடுகிறது. இத்தனை பொறுமை அவருக்கு எங்கிருந்து வருகிறது என்று நான் யோசித்ததுண்டு. அவர் கணவரின் தாய் போன வருஷம் இறந்துபோனார். கணவர் எல்லை தாண்டி எகிப்துக்கு வந்துவிட்டார், இங்கே வர விசாவுக்காகக் காத்திருக்கிறார். அந்தக் கவலையோடுதான் இவர் தினமும் டூட்டிக்குப் போய் வருகிறார்.

போன மாதம் அண்ணன் வீட்டிலிருந்து தனி வீட்டுக்கு மாறினார். ஷார்ஜாவிலேயே, ஒரு படுக்கையறை, ஒரு ஹால். வாடகை ஒப்பந்தம் அவர் பெயரில். சாமான் ஏற்ற நாங்களும் போனோம். என் கணவர் கட்டில்களைப் பொருத்திக்கொண்டிருந்தார். நானும் உஸ்தாதாவும் சமையலறையில் பாத்திரங்களை அடுக்கினோம். காயவைத்துப் பொடித்த வெண்டைக்காயில் அவர் ஒரு குழம்பு வைத்திருந்தார். அதோடு தோசைபோல மெல்லிசாக ஒரு ரொட்டி, வாயில் போட்டுப் பார்த்தேன், நல்ல புளிப்பு.

ஹாலில் திடீரென்று சத்தம் கேட்டது. ஜன்னல் ஓரக் கட்டில் யாருக்கு என்று இரண்டு பெண்களும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பாதி இங்கிலீஷ், பாதி அரபி. பெரியவள் கத்த, சின்னவள் அதற்கு மேல் கத்தினாள்.

நான் போய் விலக்கிவிடலாம் என்று கையைத் துடைத்தேன். உஸ்தாதா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“விடு. இங்கே வந்ததிலிருந்து மாமா வீடு, மாமா வீடு என்று மெதுவாகவே பேசிக்கொண்டிருந்தார்கள்,” என்றார். “கத்தட்டும்.”

குழம்பைக் கிளறிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தோம். கடைசியில் சின்னவள்தான் ஜெயித்தாள்.